துட்டி வீட்டு வாசலில் ஒரு வரிசை

திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் தெருவில் நெடுங்காலம் மளிகைக்கடை நடத்திய அண்ணாச்சி ஒருவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியங்களும் முடிந்து, பந்தற்காரர் கீற்றுகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த பிற்பகல் வேளையில், அவ்வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்த நால்வரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அல்லர் என்பதை, அவரவர் மடியிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் காகிதங்கள் வெளிவரத் தொடங்கிய பிறகே நான் உணர்ந்தேன். ஒருவரிடம் புரோநோட்டு இருந்தது. மற்றொருவரிடம் சரக்குப் பட்டியல்கள் ஒரு கற்றை. மூன்றாமவர், ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு வசூல் செய்யும் இளைஞர், காகிதம் எதையும் எடுக்காமல் தம் செல்போன் திரையை அண்ணாச்சியின் மகனுக்கு நேரே நீட்டினார். நான்காமவர் இறந்தவரின் மைத்துனர். அவர் கொடுத்திருந்த கைமாற்றுக்கு எழுத்து ஏதும் இல்லையெனினும், எழுத்தின் ஸ்தானத்தை அவருடைய குரல் நிறைவு செய்தது. அதே வேளையில் கொல்லைப்புறத்துக் கிணற்றடியில், விருந்துக்கு வாடகையாக எடுத்த அண்டாக்களைப் புளிபோட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார், அவ்வீட்டில் பல வருஷங்களாகப் பாத்திரம் தேய்த்துவந்த ஓர் அம்மாள். அவருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி நின்றது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

ஆஸ்தியை மிஞ்சிக் கடன் நிற்கும்படி ஒருவர் இறந்துபோனால் எந்தக் கடன் முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்பதை எழுதித் தருமாறு பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, வட்டிக்காரர்களையும் வங்கிகளையும் பற்றிய சூடான கட்டுரை ஒன்றையே அவர் எதிர்பார்த்தார் என்பதை அறிவேன். ஆயினும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அன்றே என் மனம் அந்தக் கிணற்றடிக்குச் சென்றுவிட்டது. ஏனெனில் திண்ணையில் அமர்ந்திருந்த நால்வரையும் பின்னே நிற்கச் சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்து அம்மாளை முன்னே அழைக்கும் வரிசை ஒன்று அப்புத்தகத்தில் நூறாண்டுகளாக அச்சாகிக் கிடக்கிறது.

1865, 1870, 1881 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியாகப் பிறந்த சட்டங்களை ஒன்றாகத் திரட்டி 1925இல் இயற்றப்பட்ட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320 முதல் 323 வரையுள்ள நான்கு பிரிவுகள் அந்த வரிசையைச் சொல்கின்றன. உயிலை நிறைவேற்றுபவரோ, உயில் இல்லாதபோது நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியோ, எல்லாக் கடன்களுக்கும் முன்னதாகச் செலுத்த வேண்டியவை இறந்தவரின் அந்திமக்கிரியைச் செலவும், மரணப் படுக்கைச் செலவுமாகும். இரண்டாவதில் வைத்தியர் கட்டணமும், இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்துக்கு அவர் உண்டு உறைந்த செலவும் அடங்கும். அடுத்தபடியாக, நீதிமன்ற அனுமதி பெறுவதற்கும் சொத்தை நிர்வகிப்பதற்கும் நேர்ந்த வியாஜ்ஜியச் செலவு. அதற்கும் அடுத்தபடி, இறப்பதற்கு முந்திய மூன்று மாதங்களில் இறந்தவருக்கு ஊழியம் செய்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோருக்குச் சேரவேண்டிய கூலி. இவற்றைத் தீர்த்த பிறகே ஏனைய கடன்கள். அவற்றுள்ளும், சட்டப்படி முன்னுரிமை பெற்றவை போக மிஞ்சியவற்றில் ஒருவருக்கு மற்றவரைவிட மேலான பாத்தியதை கிடையாது. இருப்பதை எல்லாருக்கும் சமவிகிதமாகப் பங்கிட வேண்டும். நிர்வாகி தாமே இறந்தவருக்குக் கடன் கொடுத்தவராயினும் அவரும் அந்தப் பங்கிலேயே நிற்க வேண்டும்.

அந்திமக்கிரியைச் செலவு இறந்தவரின் தகுதிக்கும் நிலைமைக்கும் ஏற்ற, நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று 320ஆம் பிரிவு சொல்லும்போது, தகுதி என்ற அந்த ஒரு சொல்லில் நம்மவர்களின் சபலம் முழுவதும் புகுந்துகொள்ள இடமிருக்கிறது. பூப்பல்லக்கும், வாணவேடிக்கையும், ஊர் முழுதும் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும், பதினாறாம் நாள் வடை பாயச விருந்தும் ஒரு வியாபாரியின் தகுதிக்கு ஏற்றவையே என்று அவர் சம்பந்திகள் வாதிடக்கூடும். ஆனால் கடனுக்கே போதாத சொத்திலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் வேறொருவருடைய ரூபாய் என்பதால், அத்தகைய சொத்தின் விஷயத்தில் நியாயம் என்ற சொல்லுக்குத்தான் கனம் அதிகம். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இறந்தவர் சொத்தில் அதிகாரமின்றிக் கைவைப்பவன் தானாகவே நிர்வாகியின் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டவன் ஆகிறான் என்று சொல்லும் அதே சட்டம், சவ அடக்கத்துக்காகவும் குடும்பத்தின் உடனடித் தேவைக்காகவும் செய்த காரியத்துக்கு அந்தப் பழியைச் சுமத்துவதில்லை; ஆகையால் கல்லாவிலிருந்து பணம் எடுத்துப் பாடை கட்டிய மகன் பயப்பட வேண்டியதில்லை.

இந்த முதல் இரண்டு படிகளும் யாரும் சொல்லாமலே நிறைவேறிவிடுகின்றன. மருத்துவமனைக் கட்டணத்தை உடலை வீட்டுக்குக் கொண்டுவருமுன்பே கட்டியாகிவிடுகிறது. வெட்டியாரும் புரோகிதரும் அன்றன்றைக்கே கைநீட்டி வாங்கிவிடுகிறார்கள். வக்கீலுக்கோ முன்பணம் கொடாமல் மனு எழுதப்படுவதில்லை. மூன்றாம் படிக்கு வந்தவுடன்தான் சட்டத்தின் வரிசையும் வீட்டின் வரிசையும் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன.

கூலிக்கு அவ்வளவு உயர்ந்த ஸ்தானம் ஏன் என்று கேட்டால், அதற்கு விடை காண சாஸ்திர ஆராய்ச்சி வேண்டியதில்லை. வட்டிக்குக் கொடுப்பவர் தம் பணம் திரும்பாமற் போகலாம் என்ற அபாயத்தை எண்ணிப் பார்த்து, அந்த எண்ணத்துக்கு விலையாகவே வட்டியை நிர்ணயிக்கிறார். மொத்த வியாபாரி தவணைச் சரக்கின் விலையில் அதைச் சேர்த்துக்கொள்கிறார். பாத்திரம் தேய்ப்பவரோ அப்படி எந்த லாபத்தையும் கருதிக் கடன் கொடுத்தவர் அல்லர். மாதம் முழுதும் உழைத்த பிறகே சம்பளம் என்ற ஏற்பாட்டினால், தாம் அறியாமலே, தம் யஜமானருக்குக் கடன் கொடுத்தவர் ஆனார். அண்ணாச்சி நோயில் விழுந்த மூன்று மாதமும், "அடுத்த மாசம் சேர்த்துத் தாரோம்" என்ற ஒரு வாக்கியத்தின்பேரில் அவர் வந்து போய்க்கொண்டிருந்தார். கடையில் பொட்டலம் கட்டிய இரண்டு பையன்களின் கதையும் அதுவே.

சட்டத்தின் வாசகப்படி அந்தக் கூலி, சர்க்காருக்குச் சேரவேண்டிய வரிப் பாக்கிக்கும் முந்தியது. சாதாரணக் கடன்காரர்களைவிட சர்க்காரின் வரிக்கு முன்னுரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1965இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த முன்னுரிமையும் 322ஆம் பிரிவில் கூலிக்குப் பின்வரும் ஏனைய கடன்களின் வரிசைக்குள்ளேயே அமைகிறது. ஒரு சாம்ராஜ்யத்தின் அதிகாரிகள் எழுதிய சட்டம், தங்கள் கஜானாவுக்கு முன்னே ஒரு வேலைக்காரியை நிறுத்திவைத்தது என்பதை எண்ணும்போது, அவர்கள் மீது நமக்குள்ள மற்ற மனத்தாங்கல்களை ஒரு நிமிஷம் மறக்கலாம். கடையின் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் இந்தப் பிரிவில் தெளிவான இடம் இல்லை. பால்காரருக்கும் பத்திரிகை போடுபவருக்கும் இல்லை. அவர்கள் பண்டம் விற்றவர்கள், ஊழியம் செய்தவர்கள் அல்லர்.

அதே சாம்ராஜ்யம் உயிரோடிருந்து நொடித்துப்போனவர்களுக்காக, நம் ஊர்களில் ஐ.பி. என்றும் மஞ்சள் கடுதாசி என்றும் வழங்கும் காரியத்துக்காக, 1920இல் இயற்றிய மாகாணத் திவால் சட்டத்தில் கைச்சிக்கனத்தைக் காட்டிவிட்டது. அதன் 61ஆம் பிரிவில் குமாஸ்தாவுக்கும் வேலையாளுக்கும் தொழிலாளிக்கும் நான்கு மாதச் சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் இருபது ரூபாய்க்கு மேற்படாமல். அக்காலத்தில் இருபது ரூபாய் ஒரு வேலையாளுக்குச் சொற்பமான தொகை அன்று. காலம் மாறியும் சட்டத்தில் எழுதிய எண் தானாக மாறுவதில்லை. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் இந்தப் பழைய சட்டத்தை நீக்குவதற்கென்றே விதி வைத்திருந்தபோதிலும், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் நீங்கலாக, ஏனைய தனிமனிதர்களைப் பொறுத்தவரை அப்பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இறந்தவரின் சொத்தை நீதிமன்றமே நிர்வகிக்கும் வழக்கில் சொத்து போதாமற் போனால், கடன்காரர்களின் உரிமைகளுக்கு நொடித்தவர்களின் சொத்துக்குரிய விதிகளையே தழுவ வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அந்த விதிகளின் நடுவே இந்த இருபது ரூபாய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாசல் வழியே போனால் மூன்று மாதக் கூலி முழுதும். இன்னொரு வாசலில் இருபது ரூபாய் என்று எழுதிய பலகை. எந்த வாசல் என்பதைத் தீர்மானிப்பவர் பாத்திரம் தேய்ப்பவர் அல்லர்.

அடமானக்காரரை இதுவரை சொல்லாமல் விட்டேன்; காரணம், அவர் இந்த வரிசையிலேயே நிற்பதில்லை. வீட்டை ஈடாக எழுதி வாங்கிய வங்கி அந்த வீட்டின் விலையிலிருந்து தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டியது. நகையை அடகு பிடித்தவரும் அவ்வாறே. அந்த மிச்சம்தான் மற்றவர்களுக்குரிய சொத்து.

கணக்காகப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு பேச்சுக்கு, இறந்தவரின் வீடு 30 லட்சத்துக்கு விலைபோயிற்று என்றும், வங்கி தன் 24 லட்சத்தை எடுத்துக்கொண்டது என்றும், கடைச் சரக்கும் வெளிவரவும் சேர்ந்து 2 லட்சம் தேறியது என்றும் வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 8 லட்சம். அந்திமக்கிரியைக்கு 60,000, கடைசி மாதத்து வைத்தியத்துக்கு 2,40,000, நீதிமன்றச் செலவு 50,000 என்று மூன்றரை லட்சம் போய்விட்டது. கடைப் பையன்கள் இருவருக்கு மாதம் 12,000 வீதம் மூன்று மாதத்துக்கு 72,000. வீட்டு வேலை செய்த அம்மாளுக்கு மாதம் 6,000 வீதம் 18,000. ஆகக் கூலி 90,000. வரிப் பாக்கி 60,000. மிஞ்சியது 3 லட்சம். புரோநோட்டுக்காரருக்கு 5 லட்சமும் மொத்த வியாபாரிக்கு 4 லட்சமும் மைத்துனருக்கு 3 லட்சமும் ஆகப் பன்னிரண்டு லட்சம் கடன் நிற்குமானால், ரூபாய்க்கு நாலணா வீதம் ஒன்றேகால் லட்சமும், ஒரு லட்சமும், முக்கால் லட்சமும் வாங்கிக்கொண்டு அவர்கள் கணக்கை முடிக்க வேண்டியதுதான். மைத்துனரின் குரலுக்குத் தனி விகிதம் கிடையாது. இவ்வளவு பெரிய கணக்கில் கிணற்றடி அம்மாளுக்குரியது 18,000 ரூபாய் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். வைத்தியச் செலவில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில் என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் ஆழ வேரோடியிருப்பதற்குக் காரணம் உண்டு. மிதாக்ஷர சம்பிரதாயத்தில் தகப்பன் பட்ட கடனைத் தீர்ப்பது மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோரின் தார்மிகக் கடமையாகவே வகுக்கப்பட்டிருந்தது. சூது, குடி போன்றவற்றுக்குப் பட்ட கடன்களை ஸ்மிருதிகள் விலக்கி வைத்தன. பிற்காலத்தில் நீதிமன்றங்கள் அந்தக் கடமையைக் கூட்டுக் குடும்பச் சொத்தின் எல்லைக்குள் நிறுத்தின. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி அமலுக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் பட்ட கடன்களுக்கு அந்தத் தார்மிகக் கடமையை மட்டும் காரணமாகக் காட்டி மகன்மீது செல்ல முடியாது என்று முற்றுப்புள்ளி வைத்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவோ, எந்த மதத்தவராயினும், இறந்தவரின் சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அவ்வளவுக்கு மட்டுமே வாரிசு பொறுப்பாவார் என்று சொல்கிறது. இஸ்லாமியச் சட்டத்திலும் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரணசாசனம், பிறகே வாரிசுகளின் பங்கு என்பதுதான் கிரமம்.

கடன்காரர் எட்ட முடியாதவையும் சில உண்டு. மனைவி மக்களின் நன்மைக்கென்று பத்திரத்தின் முகப்பிலேயே குறித்து, 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த ஆயுள் காப்பீட்டுத் தொகை இறந்தவரின் சொத்தாகவே கருதப்படுவதில்லை. இந்தச் சலுகை இந்துக்களுக்கும் உண்டு என்பதை மற்றப் பகுதிகளுக்கு 1923 முதல் ஒப்புக்கொண்ட சட்டம், சென்னை ராஜதானிக்கு மட்டும் 1913ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே ஒப்புக்கொண்டது என்பது நம்மவர் பெருமைப்படக்கூடிய செய்தி. நியமனதாரருக்குச் சேரும் தொழிலாளர் சேமநல நிதியும் இறந்தவரின் கடனுக்கு உட்படாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத திருமாங்கல்யம் போன்ற ஆபரணம் ஆகியவற்றை ஜப்தி செய்ய நடைமுறைச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

இவ்வளவு அரண்கள் இருந்தும், அன்று திண்ணையில் நடந்தது என்ன? புரோநோட்டுக்காரர் பழைய நோட்டைத் திருப்பிக்கொடுத்துவிட்டு, அதே தொகைக்கு மகன் பெயரில் புதிய நோட்டு ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். இறந்தவரின் கடனாக இருந்தவரை நாலணாவுக்கு மேல் பெறாத அந்தக் காகிதம், ஒரு கையெழுத்தினால் உயிரோடிருப்பவனின் கடனாக மாறி, பதினாறணா மதிப்பும் வட்டியும் பெற்றுவிட்டது. மொத்த வியாபாரி குடோனிலிருந்த சர்க்கரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். காப்பீட்டுப் பணம் வந்ததும் பைனான்ஸ் கம்பெனிக்குக் கட்டப்பட்டது. மானம் போய்விடக்கூடாது என்ற அச்சத்தில் அந்தக் குடும்பம் சட்டம் கேளாததையெல்லாம் கொடுத்துத் தீர்த்தது. சட்டம் முதலில் கேட்ட கூலியைக் கொடுக்க மறந்தது. இறந்தவுடன் கடன் கரைந்துவிடுமானால் நாளை நல்லவனுக்கும் எவர் கடன் கொடுப்பார் என்று கடன் கொடுப்போர் கேட்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அக்கேள்வியைக் கேட்க அவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மாளை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "துட்டி வீட்டுல போயி யாராவது துட்டு கேப்பாவளா, ஐயா? ஆச்சி ஒரு சேலை குடுத்தாவ, கும்பிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். அண்ணாச்சியின் மகனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பாக்கி நின்ற விஷயமே அவனுக்குத் தெரியாது; வீட்டுச் சம்பளத்தைக் கொடுத்துவந்தவள் தாய், அந்தத் தாயோ துக்கத்தில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கடன் பட்டியல் எழுதியபோது, காகிதம் காட்டியவர்கள் பெயரெல்லாம் அதில் ஏறின.

காகிதம் இல்லாத கடன் செல்லாத கடன் அன்று. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே, அக்கம்பக்கத்தார் சொல்லும் சாட்சியமும் சாட்சியமே. ஆயினும் எந்த வீட்டு வேலைக்காரர் மனு எழுதி, முத்திரைக் கட்டணம் கட்டி, மூன்று வருஷக் காலவரம்புக்குள் பதினெட்டாயிரம் ரூபாய்க்காக மாவட்டத் தலைநகருக்கு அலைவார்? நீதிமன்ற அனுமதி பெற்று முறையாக நிர்வகிக்கப்படும் சொத்துகளில்தான் 322ஆம் பிரிவுக்கு உயிர். நம் தெருக்களில் இறப்பவர்களின் சொத்தோ பெரும்பாலும் பட்டா மாற்றத்தோடும் வாரிசுச் சான்றிதழோடும் கைமாறிவிடுகிறது. அங்கே நிர்வாகியும் இல்லை, கணக்கும் இல்லை, வரிசையும் இல்லை.

இதைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு இந்த மாதம் கொடுத்த சம்பளத்தையும், நிற்கும் பாக்கியையும், ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தப் புத்தகத்தை உங்கள் அலமாரியில் அல்ல, அவரிடமே கொடுத்து வைத்துவிடுங்கள்.